முதலில் மூன்று கவர், எட்டு பேட்

வளைகாப்புக்கு பிளவுஸ் தைக்க வருகிற பெண்களிடம் அளவெடுத்து முடித்ததும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு என்ன கட்டப் போற?" முக்கால்வாசிப் பேர் "பேம்பர்ஸ்தான்க்கா" என்பார்கள். எந்தக் கம்பெனி டயப்பரானாலும் எங்கள் பக்கம் அதற்குப் பேர் பேம்பர்ஸ்தான். அதைக் கேட்டதும் அளவு டேப்பைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசுவேன். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் மகாராஜநகர்ப் பக்கம் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவள். இரண்டு பிள்ளைகள். பெரியவள் பெரும்பாலும் பேம்பர்ஸில் வளர்ந்தாள். சின்னவன் துணியில் வளர்ந்தான். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், துவைத்துத் துவைத்துக் கட்டுகிற டயப்பர் நம் திருநெல்வேலிச் சீமைக்கு நன்றாகவே ஒத்துவரும். வெயிலுக்குக் குறைவில்லை. ஆடி பிறந்தால் காற்றுக்கும் குறைவில்லை. பழைய வேட்டி இல்லாத வீடு கிடையாது. இருந்தும் ஆசையாக ஆரம்பித்த சிலர் இரண்டே மாதத்தில் "நாத்தம் போக மாட்டேங்குதுக்கா" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. துவைக்கிற முறையை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

நான் ஏன் மாறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்கு ஐந்தாவது மாதம் நடந்தபோது சித்திரை வெயில். காலையில் குளிப்பாட்டிக் கட்டியதை மதியம் வரை விட்டுவிடுவேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கிற பொடி மூத்திரத்தை உறிஞ்சி ஜெல்லியாகப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஈரம் கைக்குத் தெரியாது. நாலைந்து நாளில் தொடை இடுக்கு சிவந்து, அந்தச் சிவப்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் பரவின. பிள்ளை மூத்திரம் போகும்போதெல்லாம் வீறிட்டு அழுதாள். டாக்டர் பார்த்துவிட்டு, இது பூஞ்சைத் தொற்று, களிம்பு தருகிறேன், ஆனால் காற்றோட்டமாக விட்டு அடிக்கடி மாற்றினால்தான் ஆறும் என்றார். சேரன்மகாதேவியிலிருந்து வந்திருந்த என் ஆச்சி பக்கத்தில் நின்று, "அந்த பிளாஸ்டிக்கக் கழத்தி எறிட்டி, பிள்ளைக்கு அங்கன வேகுதுல்லா" என்றாள். அன்றைக்கு ராத்திரி ஆச்சிதான் பழைய வேட்டியைக் கிழித்து, அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் சொருகிவிட்டாள்.

துணி கட்டினால் புண்ணே வராது என்று நான் சொல்ல மாட்டேன். எதைக் கட்டினாலும் ஈரத்தோடு மணிக்கணக்காக விட்டால் புண் வரும். ஆனால் துணி ஈரத்தை மறைக்காது. நனைந்தது கைக்குத் தெரிவதால் தாய் மாற்றிவிடுகிறாள். முதல் வாரம் கழிந்த பச்சப்பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து அந்த எண்ணிக்கை குறைந்தால் தண்ணீர்ச் சத்து குறைகிறது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துணி கட்டுகிற வீட்டில் இந்தக் கணக்கு தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம் 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு ஓடியது எல்லோருக்கும் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு கொக்கிரகுளம் பக்கம் போயிருந்தேன். ஆற்றோரத்து உடைமரங்களில் கிழிந்த சேலையும் பாலித்தீன் பைகளும் தொங்கின. அதற்கு நடுவே வெள்ளையாக, உப்பிப்போய், கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தவை பேம்பர்ஸ். யார் வீட்டுப் பிள்ளையுடையதோ. என் பெரியவளுக்கு நான் வாங்கிப் போட்ட ஆயிரக்கணக்கானவையும் இப்படி எங்கேயாவதுதான் கிடக்கும் என்று நினைத்தபோது மனசு கஷ்டப்பட்டது. அந்தத் தண்ணீரைத்தான் நம் ஊரும் தூத்துக்குடி வரைக்கும் உள்ள ஊர்களும் குடிக்கின்றன. 2016-ல் வந்த திடக்கழிவு விதி டயப்பரைத் தனியாகப் பொதிந்து உலர் குப்பையோடு கொடுக்கச் சொன்னது. அப்படிக் கொடுத்தாலும் அது ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்குக்குத்தான் போகும். மக்கிவிடாது.

எவ்வளவு செலவு

சுருக்கமாகச் சொல்கிறேன். பேம்பர்ஸ் ஒன்று 12 ரூபாய், ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்தால் தினம் 60 ரூபாய். மாதம் 1,800. இரண்டு வருஷத்துக்கு 43,200. துணியில் நான் போட்ட முதல்: வெளியே கட்டுகிற கவர் ஆறு, 350 ரூபாய் வீதம் 2,100, வெளியூர் போகும்போது நனைந்த துணியைப் போட ஜிப் வைத்த ஈரப்பை ஒன்று 250. உள்ளே வைக்கிற பேட் எல்லாம் வீட்டிலேயே தைத்தேன். கடையில் வாங்கியிருந்தால் பதினெட்டு பேட், ஒன்று 120 வீதம், இன்னொரு 2,160 ஆகியிருக்கும். அப்படிப் பார்த்தாலும் மொத்தம் 4,510. சோப்புப் பொடியும் கரண்டும் தனி. விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் வித்தியாசம் இந்த அளவில்தான் இருக்கும்.

முதலிலேயே இருபது வாங்காதீர்கள். மூன்று கவர், எட்டு பேட். இதை வைத்துக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை, வீட்டில் இருக்கும்போது மட்டும் கட்டிப் பாருங்கள். ராத்திரிக்கும் பயணத்துக்கும் பேம்பர்ஸே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து உங்களுக்கே தோன்றினால் இன்னும் வாங்கலாம்.

என்னென்ன வேண்டும்

துணி டயப்பர் என்பது இரண்டு பொருள். வெளியே கவர், உள்ளே பேட். பேட் உறிஞ்சும், கவர் வெளியே கசியாமல் பிடிக்கும். கவரின் உள்பக்கம் தொட்டால் வழவழவென்று இருக்கும், அது துணியோடு ஒட்டிய பாலியூரித்தேன் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் படலம். ரப்பர் ஷீட் மாதிரி இல்லை, ஓரளவு ஆவி போகும். இந்தக் கவர் யோசனைக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற பெண் 1940களில் தன் வீட்டுக் குளியலறைத் திரைத்துணியை வெட்டி, தையல் மிஷினில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கவர் தைத்தாள். ஊக்குக்குப் பதிலாக அமுக்குப் பட்டன் வைத்தவளும் அவள்தான். 1951-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பேம்பர்ஸ் கடைக்கு வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து 1961-ல்தான். தையல் தெரிந்தவள் என்பதால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கவரைக் கடையில் வாங்குங்கள். அந்தத் துணியில் ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான், வீட்டு மிஷினில் தைத்தால் நடுவில் கசியும். வாங்கும்போது தொடைப் பக்கம் இரண்டு வரிசை எலாஸ்டிக் உள்ளதாகப் பாருங்கள். முன்பக்கம் உயரத்தைக் குறைக்கிற பட்டன் வரிசை இருக்க வேண்டும், அது இருந்தால் ஒரே கவர் இரண்டு வயசு வரை வரும். பிறந்த பிள்ளை மூன்று கிலோதான் இருக்கும், அந்தத் தொடைக்கு ஒன் சைஸ் கவர் தொளதொளவென்று நிற்கும். ஐந்து கிலோ வரும்வரை வெறும் வேட்டித்துணியே போதும். தொப்புள்கொடி விழாத பிள்ளைக்கு எதைக் கட்டினாலும் கொடிக்குக் கீழே மடித்துவிட்டுக் கட்டுங்கள்.

பேட் விஷயத்தில் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நாலு முழ வேட்டி ஒன்றை 25 அங்குலச் சதுரங்களாக வெட்டினால் ஆறு துண்டு தேறும். ஓரம் மடித்து அடித்துக்கொள்ளுங்கள். இதை நீளவாக்கில் மூன்றாக மடித்து, மறுபடி கவரின் நீளத்துக்கு இரண்டாக மடித்தால் ஆறு அடுக்குப் பேட். துவைக்கும்போது உதறினால் ஒரே அடுக்கு, பங்குனி வெயிலில் முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் காய்கிற பேட் எந்தக் கடையிலும் இல்லை.

தைத்த பேட்தான் வசதி என்றால் பனியன் துணி எடுங்கள். வீட்டு ஆம்பளைகளின் பழைய காட்டன் பனியனும் டீ ஷர்ட்டும் போதும். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், உறிஞ்சாது. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உடனே குடித்தால் காட்டன், உருண்டு நின்றால் கழித்துவிடுங்கள். புதுத்துணி என்றால் வெட்டும் முன்னால் துவைத்துவிடுங்கள், சுருங்கும். பழையதற்கு அது தேவையில்லை. 14 அங்குல நீளம், 5 அங்குல அகலத்துக்கு ஆறு துண்டு வெட்ட வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். முதல் நாலு பேடையும் ஆறு அடுக்கைச் சேர்த்து நாலு பக்கமும் தைத்தேன். உறிஞ்சியது, ஆனால் ஐப்பசி மழையில் இரண்டு நாளானாலும் நடு அடுக்கு ஈரமாகவே இருந்து புழுங்கல் வாடை அடித்தது. அப்புறம் பிரித்துவிட்டு இப்படித் தைத்தேன்: மூன்று அடுக்கை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் ஓவர்லாக், அதாவது ஓரம் பிரியாமல் பின்னுகிற தையல், இன்னொரு மூன்று அடுக்குக்கும் அதே மாதிரி. ஓவர்லாக் இல்லாதவர்கள் ஜிக்ஜாக் அடியுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒரே ஒரு முனையை மட்டும் சேர்த்துத் தையுங்கள். புத்தகம் மாதிரி இருக்கும். கட்டும்போது மூடி வைத்தால் ஆறு அடுக்கு, கொடியில் விரித்துத் தொங்கவிட்டால் மூன்று மூன்று அடுக்காகக் காற்று புகும். அடுக்கு தடிமனாக இருப்பதால் 16-ம் நம்பர் ஊசி போடுங்கள், மெல்லிய ஊசி உடைந்து துண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும். தைத்து முடித்ததும் கையால் தடவித் தடவிப் பார்த்துவிடுங்கள். பிள்ளை படுக்கிற துணி.

கடையில் விற்கிற மைக்ரோஃபைபர் என்கிற மெல்லிய செயற்கை நூல் பேட் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். அது வேகமாக உறிஞ்சும், ஆனால் தோலில் உள்ள ஈரப்பசையையும் சேர்த்து இழுத்துவிடும். பிள்ளையின் தோலில் நேரடியாகப் படக் கூடாது. பை மாதிரி தைத்த கவருக்குள் சொருகலாம், அல்லது மேலே ஒரு வேட்டித்துண்டு போடலாம்.

கட்டுவது

பிள்ளை குளித்து வந்ததும் நன்றாக ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். இடுக்கில் ஈரம் இல்லாமல் ஐந்து நிமிஷம் பத்தமடைப் பாயில் காற்றாடக் கிடக்கட்டும். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் பிள்ளையின் மூச்சில் போகும். தேங்காய் எண்ணெய் என்றால் விரல் நுனியில் தொட்டு மெல்லிசாக. டாக்டர் கொடுத்த வெள்ளைக் களிம்பு தடவும் நாட்களில் பேட் மேல் ஒரு மெல்லிய துண்டு விரித்துக்கொள்ளுங்கள், களிம்பு பேடில் ஏறினால் அது உறிஞ்சாமல் போய்விடும்.

கவரின் எலாஸ்டிக் ஜட்டியின் ஓரம் எங்கே உட்காருமோ அங்கே, தொடை இடுக்கின் மடிப்புக்குள் உட்கார வேண்டும். தொடைச் சதையில் கீழே இறங்கி நின்றால் நிச்சயம் கசியும். இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் இருக்கட்டும். பிறகு கவரின் விளிம்பைச் சுற்றி ஒரு தடவை விரலை ஓட்டுங்கள். பேட் ஒரு நூல் அளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் அது திரி மாதிரி ஈரத்தை இழுத்துச் சட்டைக்குக் கொண்டு போய்விடும்.

அரைஞாண் கயிறு கட்டியிருக்கிற பிள்ளைக்கு இது முக்கியம். கயிறு கவருக்குள் மாட்டியிருந்தால் அதுவும் திரிதான். சின்னவனுக்குப் பின்பக்கம் மட்டும் தினமும் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. கவரில் குற்றம் என்று நினைத்து இரண்டு கவர் மாற்றினேன். ஒரு நாள் கழற்றும்போதுதான் பார்த்தேன், கறுப்புக் கயிறு ஊறிப்போய்ப் பாதி உள்ளே, பாதி வெளியே. கயிற்றைக் கவருக்கு மேலே வரும்படி எடுத்துவிட்டேன், அன்றோடு கசிவு நின்றது. ஆண் பிள்ளைக்குப் பேடின் முன்பக்கத்தை ஒரு மடிப்பு கூட மடித்து வையுங்கள். பெண் பிள்ளைக்கு நடுவில்.

இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஆய் போய்விட்டால் அந்த நிமிஷமே. மூத்திரம் மட்டும் என்றால் கவரைத் துடைத்துக் காற்றாடவிட்டு மறுபடி கட்டலாம், பேடை மட்டும் மாற்றினால் போதும். மூன்று கவர் எட்டு பேட் என்று நான் சொன்னது இதனால்தான்.

துவைப்பது

கழற்றியதைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். இதைத்தான் எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள், நம் அம்மாமார் உட்பட. ஊற ஊற நாற்றம் துணிக்குள் இறங்கும். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி ஆபத்தும்கூட. மூத்திரத் துணியைத் தண்ணீர்க் குழாயில் ஒரு தடவை அலசிப் பிழிந்து, ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையில் போடுங்கள். மூடி வேண்டாம், காற்று போகட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைத்தால் போதும், அதற்கு மேல் சேர்க்க வேண்டாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் ஆய் தண்ணீரில் கரைந்துவிடும், அலசினாலே போதும். ஆறு மாதம் ஆகி இட்லியும் பருப்புச் சாதமும் சாப்பிட ஆரம்பித்த பிறகு கக்கூஸில் தட்டிவிட்டு, ஸ்பிரே பைப்பால் பீய்ச்சிவிடுங்கள். முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். வெந்நி முதலில் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கக்கூஸுக்குத்தான் போக வேண்டும். கால்வாயிலும் ஆற்றுப் படித்துறையிலும் ஆய்த்துணி அலசாதீர்கள், கீழே உள்ள ஊர்க்காரர்கள் அதில்தான் குளிக்கிறார்கள்.

அப்புறம் சோப்பு. பச்சப்பிள்ளை துணி என்று பயந்து ஒரு சிட்டிகை பொடி போடுகிறார்கள். அது போதாது. பெரியவர்கள் துணிக்குப் போடுகிற அளவே போட்டு, கை பொறுக்கிற வெந்நியில் நன்றாகக் கசக்கி, நுரை முழுக்கப் போகும்வரை அலசுங்கள். மெஷின் என்றால் தொட்டி முக்கால்வாசி நிறைகிற மாதிரி பிள்ளையின் மற்றத் துணிகளையும் சேர்த்துப் போடுங்கள், ஒன்றோடு ஒன்று உரசினால்தான் அழுக்குப் போகும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிற துணி மென்மைத் திரவம் கூடவே கூடாது. அது நூலின் மேல் மெழுகு மாதிரி படிந்து, தண்ணீர் உள்ளே போகாமல் செய்துவிடும். கிருமிநாசினியும் வேண்டாம், பிள்ளைத் தோலுக்கு எரிச்சல். பிளீச்சிங் பவுடர் எலாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

நாற்றம் போகவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன தண்ணியில துவைக்கிற?" எங்கள் தெருவில் போர் தண்ணீர் அவ்வளவு உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, அழுக்கும் போகாமல், உப்பும் சோப்பும் சேர்ந்து துணியில் பொருக்குப் பிடிக்கும். நான் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. சின்னவனுக்கு நாலாவது மாதம், காய்ந்த பேடில் வாடை இல்லை, பிள்ளை மூத்திரம் போன பத்தாவது நிமிஷம் கண் எரிகிற மாதிரி அமோனியா நெடி. பேட் விறைத்துப் பத்தமடைக் கோரை மாதிரி ஆகியிருந்தது. துவைத்துக் காய்ந்த பேட் ஒன்றை எடுத்துச் சுத்தமான தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்த்தேன். சோப்பே போடாத தண்ணீரில் நுரை கட்டியது, தண்ணீர் சாம்பல் நிறமானது. அவ்வளவும் துணிக்குள் இருந்த பழைய அழுக்கு.

அன்றிலிருந்து ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற நாள்தான் எனக்குத் துவைக்கிற நாள். முதல் அலசலுக்கு போர் தண்ணீர், சோப்புக்கும் கடைசி அலசலுக்கும் ஆற்றுத் தண்ணீர். அதற்கும் வழியில்லாதவர்கள் சோப்புப் பொடியோடு இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா போடுங்கள், உப்புத் தண்ணீரை அது கொஞ்சம் இளக்கும். சமையல் சோடா இல்லை, சலவைச் சோடா. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கை வறண்டுவிடும். ஏற்கெனவே விறைத்துப்போன பேட் என்றால், பேடை மட்டும் நல்ல சூடான தண்ணீரில் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, நுரை நிற்கும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். எனக்கு ஐந்து தண்ணீர் பிடித்தது. வழக்கமாக ஊறப் போடக் கூடாது என்றேன், இது எப்போதாவது செய்கிற வைத்தியம். கவரை இதில் போடாதீர்கள், படலம் பிரிந்துவிடும்.

புதுக் காட்டன் பேட் முதல் நாள் உறிஞ்சவில்லை என்று பயப்பட வேண்டாம். பருத்தியில் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. ஐந்தாறு தடவை துவைத்தால்தான் அது போய் முழுசாகக் குடிக்கும். பழைய வேட்டிக்கு இந்தத் தொந்தரவே இல்லை.

பேட் உச்சி வெயிலில், கவர் நிழலில். இதை மாற்றிச் செய்யாதீர்கள். மஞ்சள் கறை ஈரத்தோடு வெயிலில் கிடந்தால் சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும், எந்தப் பொடியும் வேண்டாம். கவரை வெயிலில் போட்டால் எலாஸ்டிக் ஒரு கோடைகூடத் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் பெய்யும் வாரங்களில் நான் ஹாலில் கொடி கட்டி ஃபேனுக்கு அடியில் காயப் போடுவேன், வேட்டிச் சதுரங்களை மட்டும் அந்த வாரங்களுக்கு ஒதுக்கி வைத்துக்கொள்வேன். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் இதே வழிதான்.

துணி டயப்பரால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவா, பேம்பர்ஸ் மாதிரியானதால் குறைவா என்று இங்கிலாந்தில் அரசுச் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் கணக்குப் போட்டுப் பார்த்தது. துணி டயப்பர் என்பதற்காகவே அது நல்லதாகிவிடாது, எப்படித் துவைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றது அந்த அறிக்கை. மெஷினில் சூடேற்றி உலர்த்தினால் லாபம் போச்சு. மெஷினை நிறையப் போட்டு, வெளியே கொடியில் உலர்த்தி, அதையே அடுத்த பிள்ளைக்கும் கட்டினால் கரியமில வாயு 40 சதவீதம் போலக் குறையும். அவர்கள் வெயிலுக்குக் காத்திருந்து செய்ய வேண்டியதை நமக்கு மொட்டை மாடி சும்மாவே செய்து தருகிறது.

வீட்டில் உள்ளவர்களும் ராத்திரியும்

மாமியார் "ஈரத்துல கெடந்தா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்றால் எதிர்த்துப் பேசாதீர்கள். மாற்றுகிற வேலையை அவர்கள் கையில் கொடுங்கள். எங்கள் அத்தை ஒரு வாரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு யாரையும் மாற்றவிடவில்லை. அலசுகிற வேலை என் வீட்டுக்காரருடையது. காலையில் பல் தேய்க்கும் முன் கூடையில் கிடப்பதை அலசிவிடுவார். பிரசவம் முடிந்து முதல் நாற்பது நாள் தாய் இதைச் செய்யக் கூடாது. செய்ய ஆள் இல்லையென்றால் அந்த நாற்பது நாளும் பேம்பர்ஸ் கட்டுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. நாற்பது கழிந்து ஆரம்பிக்கலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேட் சொருகிய கவர்களாக நாலைந்து தயாராகக் கொடுத்துவிட்டுப் போனால், கழற்றிக் கூடையில் போடுவது மட்டும்தான் அவர் வேலை. திருச்செந்தூருக்கோ கல்யாண வீட்டுக்கோ போனால் ஈரப்பையில் நாலு மணி நேரத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் என்றால் நான் பேம்பர்ஸ்தான் எடுத்துப் போவேன்.

சின்னவனுக்கு எட்டாவது மாதம்தான் ராத்திரியிலும் துணிக்கு மாறினேன். இரண்டு புத்தகப் பேட், மேலே ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற பாலியெஸ்டர் துணியில் ஒரு துண்டு. ஃபிளீஸ் ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டுத் தான் காய்ந்தே இருக்கும், பிள்ளை எழுந்திருக்காது. பால் கொடுக்க எழும்பும்போது ஒரு தடவை மாற்றுவேன்.

சிவப்பு வந்தால் ஒரு நாள் முழுக்க முடிந்த அளவு கழற்றியே விடுங்கள். மடிப்புக்குள் சிவந்து ஓரத்தில் புள்ளிகள் தெரிந்தாலோ, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தி என் பெரியவளைப் படுத்தினேன். பூஞ்சை என்று சொன்னால் களிம்பு போடும் நாளெல்லாம் பேடைக் கொதிக்கிற வெந்நியில் போட்டெடுத்து வெயிலில் காய வையுங்கள்.

சின்னவன் இரண்டேகால் வயசில் கவரை விட்டுவிட்டான். எலாஸ்டிக் தளர்ந்திருந்த நாலு கவர்களை நானே சரி செய்தேன். தொடை ஓரத்தில் எலாஸ்டிக் ஓடுகிற குழாயின் இரண்டு முனையிலும் அரை அங்குலம் தையலைப் பிரித்து, புது எலாஸ்டிக்கைப் பழையதன் நுனியில் ஊக்கால் கோத்து இழுத்தால் பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். கால் அங்குல அகல எலாஸ்டிக், இரண்டு காலுக்கும் ஒரே நீளம். முனைகளைத் தைத்து மூடும்போது பழைய ஊசி ஓட்டையிலேயே தைக்க வேண்டும்.

அந்தக் கவர்களில் மூன்றையும் எட்டு பேடையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். வளைகாப்பு பிளவுஸ் வாங்க வரும்போது கேட்கிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்குக் கொடுப்பேன். காசு இல்லை. நல்ல தண்ணீரில் துவைத்து, பேடை வெயிலில் காய வைத்துத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பை இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டில் இருக்கிறது. அடுத்த மாதம் திரும்பி வரும்.